இறுக்கம் எங்கே இருக்கு? ரோல்ஃபிங்கும் ஆடுற உடம்பும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதை அப்படியே போடாம, படிக்கத் தோதா கொஞ்சம் திருத்தியிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோடுக்கு உங்களுக்கு ஒரு டென்னிஸ் பந்து வேணும். வீட்ல இல்லைன்னா பூரிக்கட்டை கூடப் போதும்.

முதல்ல நேரா நின்னு, முட்டியை மடக்காம முன்னால குனிஞ்சு பாருங்க. விரல் நுனி எது வரைக்கும் போகுதுன்னு ஞாபகம் வச்சுக்குங்க. இப்ப பந்தை ஒரு உள்ளங்காலுக்குக் கீழ வச்சு, குதிகால்ல இருந்து விரல் வரைக்கும் மெதுவா ரெண்டு நிமிஷம் உருட்டுங்க. அடுத்த காலுக்கும் அதே மாதிரி. முடிச்சிட்டு மறுபடி குனிஞ்சு பாருங்க. நிறைய பேருக்கு விரல் முன்னைவிடக் கொஞ்சம் கீழ போகும். வண்டியில போய்க்கிட்டே கேக்கறவங்க தயவுசெஞ்சு வீட்டுக்குப் போய் செய்யுங்க.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம், தொடையோட பின்பக்கத்தை நீங்க தொடவே இல்லை. குனியும்போது 'இழுக்குது'ன்னு சொல்ற இடம் அதுதான். ஆனா வேலை நடந்தது உள்ளங்கால்ல. நாலு நிமிஷத்துல எந்தத் தசையும் நீளமாகியிருக்காது. நாளைக்குக் காலைல குனிஞ்சா பெரும்பாலும் பழைய இடத்துலதான் நிப்பீங்க. அப்போ நடுவுல என்னதான் மாறிச்சு?

பரதம், பாலே, கான்டெம்பரரி ஆடுறவங்க, பிலாட்டிஸ் ரிஃபார்மர்லயும் யோகா மேட்லயும் மணிக்கணக்கா இருக்கறவங்க, இவங்க எல்லார்கிட்டயும் இப்ப ஒரு சேவை விற்கப்படுது. ரோல்ஃபிங், ஸ்ட்ரக்சுரல் இன்டக்ரேஷன், ஃபேசியா ரிலீஸ்னு பல பேர்கள்ல. "உங்க ஃபேசியா ஒட்டிக்கிட்டிருக்கு, அதைப் பிரிச்சு விடறோம், உடம்பு நேராகிடும்" அப்படிங்கறதுதான் பேச்சு. அந்த விளக்கம் பெரும்பாலும் தப்பு. ஆனா செய்யற வேலை முழுக்க வெத்து கிடையாது. பலன் கிடைச்சா போதுமே, விளக்கம் எப்படி இருந்தா என்னன்னு கேக்கலாம். போதாது. ஏன்னா அந்த விளக்கத்தை நம்பி, இளக்கவே கூடாத உடம்பைப் பணம் குடுத்து இளக்கிக்கிட்டே இருக்கற டான்சர்கள் இருக்காங்க. வலி குறையலைன்னா இன்னும் ஒரு செஷன், இன்னும் கொஞ்சம் ஆழமான அழுத்தம்னு போய்க்கிட்டே இருக்கும்.

கறிக்கடையில பாத்த அதே ஜவ்வுதான்

ஆட்டுக்கறி கழுவியிருந்தீங்கன்னா ஃபேசியாவை ஏற்கெனவே பாத்திருக்கீங்க. தசை மேல வெள்ளையா, வழுக்கலா, கத்திக்குச் சுலபத்துல மசியாம ஒரு ஜவ்வு இருக்குமே, அதுதான். கறி சாப்பிடாதவங்க ஒரு ஆரஞ்சை நினைச்சுக்குங்க. தோலுக்கு அடியில வெள்ளைப் படலம், ஒவ்வொரு சுளையைச் சுத்தியும் மெல்லிசா ஒரு உறை, சுளைக்குள்ள ஒவ்வொரு முத்துக்கும் தனித்தனியா ஒரு உறை. நம்ம உடம்புலயும் அப்படித்தான். தோலுக்குக் கீழ ஒரு அடுக்கு, ஒவ்வொரு தசைக்கும் ஒரு உறை, தசைக்குள்ள இருக்கற இழைக்கட்டுகளுக்கும் உறை. எல்லாமே ஒண்ணோட ஒண்ணு தொடர்ச்சியா இருக்கும்.

ரொம்ப காலம் உடற்கூறியல் வகுப்புகள்ல இதை ஒதுக்கித் தள்ளிட்டுத்தான் தசையைப் பாத்தாங்க. இப்போ நிலைமை மாறியிருக்கு. ஃபேசியாவுக்குன்னே முதல் சர்வதேச ஆராய்ச்சி மாநாடு 2007-ல பாஸ்டன்ல, ஹார்வர்ட் மெடிக்கல் ஸ்கூல்ல நடந்தது. இது வெறும் உறை இல்லை, இதுக்குள்ள நரம்பு முனைகள் ஏராளமா இருக்குங்கறது இன்னைக்கு எல்லாரும் ஒத்துக்கற விஷயம். இதை மனசுல வச்சுக்குங்க, கடைசியில இங்கதான் வந்து நிக்கப் போறோம்.

ஒரு உயிர்வேதியியல் டாக்டரேட்டும், கொஞ்சம் யோகாவும்

இந்த வேலையைத் தொடங்கினவர் ஐடா ரோல்ஃப். 1896-ல நியூயார்க்கில் பிறந்தார். 1920-ல கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் டாக்டரேட் வாங்கி, ராக்ஃபெல்லர் இன்ஸ்டிட்யூட்ல ஆராய்ச்சி செய்தார். அந்தக் காலத்துல ஒரு பெண்ணுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. மசாஜ் கத்துக்கிட்டு வந்தவர் இல்லைங்கறதுக்காக இதைச் சொல்றேன்.

யோகாவோட இவருக்கு இருந்த தொடர்பு நிஜமானது. நியூயார்க்குக்கு வடக்கே நையாக்னு ஒரு ஊர்ல பியர் பெர்னார்ட் என்ற அமெரிக்கர் யோகா சொல்லிக்குடுத்துக்கிட்டிருந்தார். ரோல்ஃப் அங்க போய்க் கத்துக்கிட்டார். உடம்போட அமைப்பை மாத்தினா ஆளோட நிலையே மாறும்ங்கற எண்ணத்துக்கு அங்கயும் ஒரு வேர் இருக்கு. கிட்டத்தட்ட அதே காலத்துல, 1920களோட பிற்பாதியில, ஜெர்மனியில இருந்து வந்த ஜோசப் பிலாட்டிஸ் நியூயார்க் எட்டாவது அவென்யூல தன் ஸ்டுடியோவைத் திறந்தார். ஜார்ஜ் பாலன்சினும் மார்த்தா கிரஹாமும் அடிபட்ட டான்சர்களை அனுப்பின இடம் அது. ஆக இன்னைக்கு ஒரே ஸ்டுடியோ போர்டுல சேர்ந்து இருக்கற யோகா, பிலாட்டிஸ், ஸ்ட்ரக்சுரல் வேலை மூணுமே நியூயார்க்கைச் சுத்தி, ஏறத்தாழ ஒரே தலைமுறையில வளர்ந்தவை.

ரோல்ஃபோட மையக் கருத்து புவியீர்ப்பு. உடம்பை அடுக்கி வச்ச செங்கல் மாதிரி பாக்காம, ஷாமியானா மாதிரி பாக்கச் சொன்னார்னு வச்சுக்கலாம். ஷாமியானாவுல கம்பம் தானா நிக்காது. நாலு பக்கமும் இழுத்துக் கட்டின கயிறுதான் அதை நிறுத்துது. ஒரு கயிறு அதிகமா இறுகினா எதிர்ப்பக்கக் கம்பம் சாயும். சாஞ்ச கம்பத்தைப் போய் நிமித்தி என்ன பிரயோஜனம், கயிறைப் பாருங்கங்கறதுதான் வாதம். காது, தோள், இடுப்பு, முட்டி, கணுக்கால் எல்லாம் ஒரே செங்குத்துக் கோட்டுல வந்தா உடம்பு புவியீர்ப்போட சண்டை போட வேண்டியதில்லைன்னு அவர் நம்பினார். 1960கள்ல கலிஃபோர்னியாவுல எசலென் நிறுவனத்துல இதைச் செய்ய ஆரம்பிச்ச பிறகுதான் பேர் பரவிச்சு. 1971-ல கொலராடோவுல போல்டர் நகர்ல இதுக்குன்னு ஒரு நிறுவனம் உருவாச்சு. அவர் வச்ச பேர் ஸ்ட்ரக்சுரல் இன்டக்ரேஷன். மக்கள் வச்ச செல்லப்பேர் ரோல்ஃபிங். இன்னைக்கு ரோல்ஃபிங்ங்கற பேர் அந்த நிறுவனத்தோட பதிவு செய்யப்பட்ட பேர், அவங்ககிட்ட பயிற்சி முடிச்சவங்க மட்டும்தான் போட்டுக்கலாம். மத்த பள்ளிகள்ல இருந்து வர்றவங்க ஸ்ட்ரக்சுரல் இன்டக்ரேஷன்னு போட்டுக்கறாங்க. 'ஃபேசியா ரிலீஸ்'ங்கற பேருக்கு இப்படி ஒரு வேலியும் இல்லை, யார் வேணும்னாலும் போட்டுக்கலாம்.

பத்து செஷன்ல என்ன நடக்கும்

வழக்கமான மசாஜ்ல வலிக்கற இடத்தைச் சொல்வீங்க, அங்க வேலை நடக்கும். இதுல அப்படி இல்லை. பத்து செஷன் கொண்ட ஒரு வரிசை இருக்கு. முதல் மூணு மேலோட்டமான அடுக்குகளுக்கு: முதல்ல விலா எலும்பும் மூச்சும், ரெண்டாவது பாதமும் கணுக்காலும், மூணாவது உடம்போட பக்கவாட்டு. நாலுல இருந்து ஏழு வரைக்கும் உள்பக்கம்: உள்தொடை, வயித்தோட ஆழத்துல இருக்கற சோயஸ் தசை, முதுகும் காலோட பின்பக்கமும், கடைசியா கழுத்து, தலை, தாடை. எட்டு, ஒன்பது, பத்து எல்லாத்தையும் கோத்துப் பாக்கறதுக்கு.

எண்ணெய் அதிகம் கிடையாது, தேய்க்கறதும் குறைவு. விரல் கணு, முழங்கையை வச்சு ஒரு இடத்துல அழுத்தி, மெதுவா நகர்த்துவாங்க. அதே நேரத்துல உங்களை முட்டியை மடக்கச் சொல்வாங்க, கால் விரலை நீட்டச் சொல்வாங்க. நடுநடுவுல எழுந்து நடக்கச் சொல்லி நடையைப் பாப்பாங்க. ஆரம்ப காலத்துல ரோல்ஃபிங்னாலே கத்தற அளவுக்கு வலிங்கற கெட்ட பேர் இருந்தது. இப்ப செய்யறவங்க பல பேர் அவ்வளவு அழுத்தறதில்லை. ஒரு எளிய அளவுகோல் வச்சுக்குங்க: அழுத்தும்போது மூச்சைப் பிடிச்சுக்கிட்டீங்கன்னா அது உங்க உடம்புக்கு அதிகம். சொல்லிடுங்க.

925 கிலோ

சரி, விளக்கத்துக்கு வருவோம். ரோல்ஃப் வேதியியல் படிச்சவர்ங்கறதால வேதியியல்லயே பதில் சொன்னார். ஃபேசியா ஒரு ஜெல், அழுத்தமும் சூடும் குடுத்தா இளகி நெகிழும், அப்போ வடிவத்தை மாத்திடலாம்னு. மார்கழிக் குளிர்ல உறைஞ்ச தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கையில வச்சுத் தேய்ச்சா இளகுமே, அது மாதிரி. அழகான உவமைதான். ஆனா ஓட்டையும் அதுக்குள்ளயே இருக்கு. பாட்டிலைத் திரும்ப ஜன்னல்ல வச்சா எண்ணெய் மறுபடி உறைஞ்சிடும். கையை எடுத்ததும் உடம்புலயும் அப்படித்தானே ஆகணும்?

2008-ல ஒரு ஆராய்ச்சிக் குழு கணக்குப் போட்டுப் பாத்தது. தொடையோட வெளிப்பக்கத்துல இருக்கற கெட்டியான ஃபேசியாவை வெறும் 1 சதவீதம் அமுக்கணும்னா எவ்வளவு விசை வேணும்? ஏறத்தாழ 925 கிலோ எடைக்குச் சமம். பக்கவாட்டுல 1 சதவீதம் நகர்த்த சுமார் 460 கிலோ. ஒரு சின்ன காரைத் தொடை மேல நிறுத்தற கதை. உள்ளங்கால் ஃபேசியாவும் இதே மாதிரி மனுஷக் கைக்கு எட்டாததுதான்னு வந்தது. மூக்குப் பக்கம் இருக்கற மெல்லிசான படலம் மாதிரி மென்மையான திசுக்கள் மட்டும்தான் கை அழுத்தத்துக்கு வடிவம் மாறும்.

இந்தக் கணக்கைப் போட்டவங்கள்ல ராபர்ட் ஷ்லைப்பும் ஒருத்தர். அவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், அதோட தானே ஒரு ரோல்ஃபர். எதிரி முகாம்ல இருந்து வந்த விமர்சனம் இல்லை இது. தங்கள் குருவோட விளக்கத்தை உள்ள இருந்தே சோதிச்சு, சரியில்லைன்னு பிரசுரிச்சிருக்காங்க. எனக்கு இந்தத் துறை மேல மரியாதை வந்த இடம் இதுதான். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்ல இன்னும் "ஃபேசியாவை உருக்கறோம்"னு சொல்றவங்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரலை போல.

அப்போ கையில தெரியற அந்த இளக்கம்?

அது பொய் இல்லை. செய்யறவருக்கும் தெரியும், படுத்திருக்கறவருக்கும் தெரியும். ஷ்லைப் 2003-லயே வேற ஒரு விளக்கத்தை முன்வச்சிருந்தார். ஃபேசியாவுக்குள்ள உணர்வு முனைகள் நிறைய இருக்குன்னு சொன்னேன் இல்லையா? அதுல சில வகை வேகமான அதிர்வுக்கு எழும்பும். ரஃபினின்னு ஒரு வகை, மெதுவான, பக்கவாட்டு இழுப்புக்கு எழும்பும். மெதுவா ஆழமா அழுத்தும்போது இவை எல்லாம் நரம்பு மண்டலத்துக்குத் தகவல் அனுப்புது. அங்க இருந்து தசைக்குத் திரும்பி வர்ற உத்தரவு மாறுது: 'இவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.' இளகினது உறை இல்லை, அந்த உத்தரவுதான்.

இதுக்கு இன்னொரு பக்கத்துல இருந்தும் துணை இருக்கு. மயக்க மருந்து குடுத்துப் படுக்க வச்ச ஆளோட மூட்டை அசைச்சுப் பாத்தா, முழிச்சிருக்கும்போது போகாத தூரம் பல நேரம் போகும். அந்த நேரத்துல திசுவோட நீளம் மாறலை. தடுத்துக்கிட்டிருந்த கை விலகியிருக்கு, அவ்வளவுதான். சில வாரம் ஸ்ட்ரெச்சிங் செஞ்சு வளைவு கூடறதுலயும் பெரும்பகுதி தசை நீளறதால இல்லை, இழுப்பைத் தாங்கற அளவு கூடறதாலதான்னு 2010-ல ஒரு முக்கியமான ஆய்வுக் கட்டுரை வாதிட்டது. உங்க டென்னிஸ் பந்துக்கும் பதில் இதேதான். உள்ளங்கால்ல இருந்து போன புதுத் தகவலை வச்சு, நரம்பு மண்டலம் தொடையோட பின்பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலா அனுமதி குடுத்தது. அது தற்காலிக அனுமதி.

இங்கதான் ஜூடித் ஆஸ்டன் கதை வருது. அவர் டான்ஸ் படிச்சு டான்ஸ் சொல்லிக்குடுத்தவர். கார் விபத்துகளுக்குப் பிறகு 1968-ல ரோல்ஃப்கிட்ட வந்தார். ரோல்ஃப் அவரை அசைவுப் பயிற்சி ஒண்ணை உருவாக்கச் சொன்னார். கையால செஞ்சது நிக்கணும்னா அந்த ஆள் வேற மாதிரி நடக்கவும் உக்காரவும் கத்துக்கணும்ங்கறதுக்காக. கை வேலை மட்டும் போதாதுன்னு தொடங்கினவரே புரிஞ்சுக்கிட்டதாத்தான் நான் இதைப் பாக்கறேன். ஆஸ்டன் பின்னால பிரிஞ்சு போய்த் தனி முறை அமைச்சார். எல்லா உடம்பையும் ஒரே செங்குத்துக் கோட்டுல நிறுத்தணும்ங்கறதை அவர் ஏத்துக்கலை. மனுஷ உடம்பு இயல்பாவே சமச்சீர் இல்லாததுன்னார். பிரான்ஸ்ல ஹூபர்ட் கோடார், அவரும் டான்சரா இருந்து ரோல்ஃபிங்குக்கு வந்தவர், இன்னும் ஒரு படி போனார். அசைவுக்கு முன்னாடி வர்ற அசைவைக் கவனிக்கச் சொன்னார். நின்னுக்கிட்டு கையைத் தூக்கறீங்கன்னா, தோள் தசை வேலை செய்யறதுக்கு ஒரு கணம் முன்னாடியே கால் தசை விழுந்துடாம இருக்கத் தயாராகிடும். உங்க பழக்கம் அந்த ஒரு கணத்துலதான் உக்காந்திருக்கு. படுக்கையில படுத்திருக்கற உடம்புல அதைத் தொட முடியாது.

அரைமண்டியில எலும்பு எங்க நிக்குது

இப்ப ஆடுறவங்களுக்கு. பாலேல டர்ன் அவுட், பரதத்துல அரைமண்டி, ரெண்டுலயும் கேள்வி ஒண்ணுதான்: தொடையெலும்பு இடுப்புக் குழிக்குள்ள எவ்வளவு வெளிப்பக்கமாத் திரும்பும்? அதுல ஒரு பங்கு தசை, இன்னொரு பங்கு எலும்பு. குழியோட ஆழம், அது பாக்கற திசை, தொடையெலும்போட கழுத்து திரும்பியிருக்கற கோணம், இதெல்லாம் ஆளுக்கு ஆள் வேற. வளர்ந்தவங்களுக்கு எந்த முழங்கையும் அதை மாத்தாது.

குப்புறப் படுத்து, ஒரு முட்டியை 90 டிகிரிக்கு மடக்கி, வேற ஒருத்தரை உங்க கணுக்காலை மெதுவா இன்னொரு கால் பக்கமாச் சாய்க்கச் சொல்லுங்க. இடுப்பு தரையை விட்டு எழும்பக் கூடாது. இதுதான் இடுப்புல இருந்து வர்ற வெளித்திருப்பம். அது முடியற இடத்துல ரப்பர் மாதிரி இழுத்துக்கிட்டு நின்னா, தசைப் பக்கம் வேலைக்கு இடம் இருக்கலாம். கதவு நிலையில முட்டின மாதிரி 'டக்'னு நின்னா அது பெரும்பாலும் எலும்பு. அதுக்கு மேல வேணும்னு கேட்டா உடம்பு வேற எங்கயாவது இருந்து கடன் வாங்கும். முட்டிக்குக் கீழ கால் முறுக்கிக்கும், பாதத்தோட உள்வளைவு சரியும், இடுப்பு முன்னால சாயும். மேடையில பாக்கறவங்களுக்கு அரைமண்டி நல்லாத்தான் தெரியும், ஆனா தட்டடவு ஆயிரம் தடவை தட்டும்போது அந்தக் கடனை முட்டி அடைக்கும். முட்டி, பாதத்தோட ரெண்டாவது விரலுக்கு நேரா வருதான்னு பாருங்க. வரலைன்னா கேக்க வேண்டியது "இன்னும் இளக்குங்க"ன்னு இல்லை.

அடுத்தது ரொம்ப வளையற உடம்பு. டான்ஸ்லயும் யோகாவுலயும் இவங்க அதிகம், ஏன்னா சின்ன வயசுலயே இவங்களுக்குப் பாராட்டு கிடைக்கும், தங்கிடுவாங்க. பெய்ட்டன் அளவுகோல்னு 9 புள்ளிச் சோதனை ஒண்ணு இருக்கு. சுண்டு விரலைப் பின்பக்கமா 90 டிகிரி தாண்டி வளைக்க முடியுதா, கட்டை விரல் முன்கையைத் தொடுதா, முழங்கை 10 டிகிரிக்கு மேல பின்னால வளையுதா, முட்டி அப்படி வளையுதா. இந்த நாலுக்கும் ரெண்டு பக்கம் சேத்து எட்டு. முட்டி மடக்காம உள்ளங்கை முழுசாத் தரையில படுதான்னு ஒண்ணு. வளர்ந்தவங்களுக்கு 5 அல்லது அதுக்கு மேல வந்தா மூட்டுகள் பொதுவாவே அதிகம் தளர்வுன்னு எடுத்துக்கறாங்க. கடைசிப் புள்ளியைப் பயிற்சியாலயும் வாங்கிடலாம், அதனால அதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

இதுல ஒரு முரண் உண்டு. இவங்கதான் "எப்பவும் டைட்டா இருக்கு"ன்னு அதிகமா சொல்வாங்க. மூட்டு தளர்வா இருந்தா, அதைப் பிடிச்சு வைக்கற வேலை தசைக்கு வருது. பல நேரம் அந்த இறுக்கம் கோளாறே இல்லை, காவல். காவல்காரனைத் தூங்க வச்சா ரெண்டு நாள் சுகமா இருக்கும், அப்புறம் முன்னைவிட இறுகும். இந்த உடம்புக்கு வேண்டியது வலு. வீச்சோட கடைசி எல்லைக்குப் போகாம, நடுப்பகுதியில எடை தாங்கற பயிற்சி. பிலாட்டிஸ் ரிஃபார்மரோட ஸ்பிரிங் இதுக்கு நல்ல கருவி. பாடிவொர்க் போறதா இருந்தா லேசான, உணர்வைக் கூட்டற வேலையாப் பாத்துப் போங்க.

யோகா செய்யறவங்களுக்குத் தனியா ஒண்ணு. உக்காரும்போது தரையில படற எலும்புக்குப் பக்கத்துல, பிட்டத்துக்குக் கீழ ஒரு வலி. கெட்டியான நாற்காலியில உக்காந்தா அதிகமாகும், உத்தானாசனத்துல குத்தும். பின்தொடைத் தசைநாண் அந்த எலும்புல ஒட்டற இடத்துல ஏற்படற பாதிப்பா இது இருக்கலாம். குனியும்போது நாண் எலும்பு மேல நசுங்கறதால, ஸ்ட்ரெச் செய்ய செய்ய எரிச்சல் கூடும். "இழுக்குதே, இறுக்கம்தான்"னு நினைச்சு இன்னும் குனிவாங்க, போய் அந்த இடத்துலயே முழங்கையால அழுத்தவும் சொல்வாங்க. ரெண்டும் வேண்டாம். ஆழமா குனியறதைச் சில காலம் குறைச்சு, படிப்படியா எடை ஏத்தற பயிற்சிதான் வழி. நல்ல பிசியோ ஒருத்தர் உதவுவார்.

பிலாட்டிஸ்காரங்களோட பிரச்சினை வேற. தொப்புளை முதுகோட ஒட்டு, விலாவை இறக்குங்கற குறிப்புகளை ஸ்டுடியோவுக்கு வெளியிலயும் விடாம பிடிச்சுக்கிட்டே இருக்கறது. மூச்சு மேல்நெஞ்சுல மட்டும் போகும். இவங்களுக்கு முதல் செஷன், அதாவது விலாவும் மூச்சும், நல்ல பலன் தர்றதுக்கு வாய்ப்பு இருக்கு. இவங்க விடாம பிடிச்சிருக்கற பழக்கம், கையால தொட்டுக் காட்டினாத்தான் தெரியும்.

சான்று எவ்வளவு இருக்கு

கொஞ்சம்தான். 2015-ல வெளிவந்த ஒரு ஆய்வுல, நாள்பட்ட இடுப்பு வலி இருந்த 46 பேரை ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பாதிக்கு வழக்கமான மறுவாழ்வுச் சிகிச்சை, இன்னொரு பாதிக்கு அதோட ஸ்ட்ரக்சுரல் இன்டக்ரேஷனும். 20 வாரம் கழிச்சு வலி குறைஞ்சதுல ரெண்டு குழுவுக்கும் தெளிவான வித்தியாசம் இல்லை. அன்றாட வேலைகளைச் செய்ய முடியறதுல ரெண்டாவது குழு முன்னேறியிருந்தது. சின்ன ஆய்வு, ஆனா நேர்மையான முடிவு. ஆஸ்திரேலியாவுல 2019 ஏப்ரல் 1 முதல் சான்று போதாதுன்னு தனியார் காப்பீட்டுச் சலுகையில இருந்து ஒரு பட்டியலையே நீக்கினாங்க. அதுல ரோல்ஃபிங்கும் இருந்தது, பிலாட்டிஸும் யோகாவும் கூட இருந்தது. அதனால பிலாட்டிஸ் மேட்ல உக்காந்துக்கிட்டு ரோல்ஃபிங்கைப் பாத்துச் சிரிக்க வேண்டாம். டான்சர்களை மட்டும் வச்சுச் செஞ்ச பெரிய ஆய்வைக் காட்டி யாராவது விற்க வந்தா, கட்டுரையைக் கேளுங்க.

போறதா இருந்தா

ஒரு செஷனுக்குப் பிறகு கிடைக்கறது சில மணி நேரமோ ஓரிரு நாளோ இருக்கற ஒரு இடைவெளி. பழைய உத்தரவு தளர்ந்திருக்கு, புது உத்தரவு இன்னும் எழுதப்படலை. அதுல என்ன செய்யறீங்கங்கறதுதான் கணக்கு. பாதத்துல வேலை நடந்திருந்தா அன்னைக்கு வெறுங்கால்ல நிதானமா நடங்க. அடவு செஞ்சா முதல் காலத்துல, அரைமண்டியில பாதி மட்டும் உக்காந்து செய்யுங்க. யோகான்னா நின்ன நிலை ஆசனங்களை மெதுவா. புதுசாக் கிடைச்ச வளைவை உடனே ஸ்பிளிட்ஸ்ல போய்ச் சோதிக்காதீங்க, பிடிமானம் இன்னும் அங்க வந்து சேரலை. இதே காரணத்தாலதான் அரங்கேற்றத்துக்கோ ஷோவுக்கோ முந்தின வாரத்துல ஆழமான செஷன் வேண்டாம்ங்கறேன். உடம்பு நல்லா இருந்தாலும் பழகின இடத்துல இருக்காது.

பத்து செஷனுக்கும் முன்கூட்டியே பணம் கட்டச் சொன்னா யோசிங்க. மூணு முடிஞ்சதும் உங்க ஆட்டத்துலயோ பயிற்சியிலயோ ஏதாவது மாறியிருக்கான்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம். முன்னும் பின்னும் எடுத்த போட்டோவை நம்பாதீங்க, அரை மணி நேரம் படுத்து எழுந்த யாரும் வேற மாதிரிதான் நிப்பாங்க. பாரம்பரிய முறையில உள்ளாடையோட இருக்கச் சொல்வாங்க, நாலாவது செஷன் உள்தொடைக்குப் போகும், ஏழாவதுல கையுறை போட்டு வாய்க்குள்ளயும் மூக்குக்குள்ளயும் வேலை செய்யறவங்க உண்டு. இதையெல்லாம் முதல் நாளே கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. ஷார்ட்ஸ் போட்டுக்கறேன், இந்த இடம் வேண்டாம், கூட ஒருத்தர் இருக்கட்டும்னு சொல்றதுக்குக் காரணம் குடுக்க வேண்டியதில்லை. நடுவுல நிறுத்தச் சொன்னா நிறுத்தணும்.

ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடறவங்க, ரத்தக்கட்டி இருந்தவங்க, சமீபத்துல அறுவை சிகிச்சை ஆனவங்க, கர்ப்பமா இருக்கறவங்க முதல்ல டாக்டர்கிட்ட கேளுங்க. கால் மரத்துப் போகுது, வலு குறையுதுன்னாலும் அதேதான். ஆடுறவங்களுக்கு இன்னும் ஒண்ணு. கணுக்கால் எலும்புலயோ முன்கால் எலும்புலயோ பாதத்துலயோ ஒரே விரலால "இங்கதான்"னு காட்டற மாதிரி வலி இருந்து, ராத்திரி படுத்த பிறகும் விடலைன்னா அது எலும்புல விழுந்த மெல்லிய விரிசலா இருக்கலாம். மாதவிடாய் சில மாசமா வரலை, சாப்பாடும் குறைவுன்னா சந்தேகம் இன்னும் அதிகம். அந்தக் காலை யார் கையிலயும் குடுக்காதீங்க. ஆட்டத்தை நிறுத்திட்டு எலும்பு டாக்டரைப் பாருங்க. ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமப் போகலாம், எம்ஆர்ஐ வேணுமான்னு அவர்கிட்டயே கேளுங்க.